கதவைத் திறந்த பிறகு: ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ படித்தேன்

ரமணிசந்திரன் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதவு நன்றாகத் தெரியும். கதாநாயகன் பெரிய பணக்காரன், சிடுமூஞ்சி, மனதுக்குள் ஏதோ ஒரு பழைய காயம். கதாநாயகி எளிய குடும்பத்துப் பெண், ரோஷக்காரி. பக்கம் பக்கமாக முறைத்துக்கொள்வார்கள், தப்பாகப் புரிந்துகொள்வார்கள், கடைசியில் சேர்வார்கள். சேர்ந்ததும் அறைக்கதவு சாத்திக்கொள்ளும், நாவலும் முடிந்துவிடும். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர் அவர். மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்து அவற்றைப் படித்த பெண்கள் தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் என்று யாரும் எண்ணியதில்லை. என் அம்மா, சித்தி, நான் எல்லோரும் அதில் அடக்கம். வாடகை நூலகத்திலிருந்து வரும் ஒரே புத்தகம் மூன்று வீடு சுற்றிவிட்டுத்தான் திரும்பிப் போகும்.

அந்தக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்ட நாவல் என்றுதான் ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். மூன்று பாகங்களும் சேர்ந்து பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற கதை. ஐம்பதுக்கும் அதிகமான மொழிகளுக்குப் போயிருக்கிறது. படித்தவர்களில் பாதிப்பேர் “அய்யே, குப்பை” என்றார்கள். மீதிப்பேர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாகத்தை வாங்கினார்கள். எனக்கு இந்த இரண்டு பேச்சிலும் திருப்தி இல்லை. ஒரு புத்தகத்தைக் கோடிக்கணக்கான பெண்கள் தேடிப் பிடித்துப் படிக்கிறார்கள் என்றால், அவர்கள் எதையோ தேடியிருக்கிறார்கள். அது கிடைத்ததா என்று நானே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எர்ணாகுளத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் முதல் பாகத்தை வாங்கினேன். ஐந்நூறு பக்கம். அட்டையில் ஒரு சாம்பல் நிற டை மட்டும்தான். நான் இருக்கும் கொச்சி மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் படகில் உட்கார்ந்து படித்தாலும் பக்கத்து சீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது.

இந்தப் புத்தகம் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். எழுதியவர் இ. எல். ஜேம்ஸ், லண்டன்காரர், தொலைக்காட்சித் துறையில் வேலை பார்த்தவர். ஸ்டெஃபனி மேயரின் ‘ட்விலைட்’ நாவல்களில் மயங்கி, அதே நாயகன் நாயகியை வைத்து இணையத்தில் தொடராக எழுத ஆரம்பித்தார். ரசிகர்கள் ரசிகர்களுக்காக எழுதும் கதை அது. பிறகு பெயர்களை மாற்றி, ரத்தக் காட்டேரி நாயகனைக் கோடீஸ்வரன் ஆக்கி, 2011ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னப் பதிப்பகம் வழியாகப் புத்தகமாக்கினார். 2012ல் விண்டேஜ் பதிப்பகம் அதை வாங்கி வெளியிட்டதும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பெண்கள் முதலில் மின்னூலாகத்தான் அதிகம் படித்தார்கள். கையில் இருக்கும் கருவியில் என்ன ஓடுகிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, அந்த வசதிக்கு இந்த வெற்றியில் பெரிய பங்கு உண்டு. நம் நாட்டில் நடந்ததும் கவனிக்க வேண்டியது. 2015ல் படம் வந்தபோது, காட்சிகளைக் குறைத்துக் கொடுத்தும் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்துவிட்டது. அதே நேரத்தில் புத்தகம் விமான நிலையக் கடைகளில் அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தது. எழுத்தில் இருந்தால் சரி, திரையில் வந்தால் ஆபத்து!

இனி கதை. அனஸ்தேசியா ஸ்டீல், இலக்கியம் படிக்கும் கல்லூரி மாணவி, வயது 21. அறைத்தோழிக்கு உடம்பு சரியில்லாமல் போக, அவளுக்குப் பதிலாகக் கிறிஸ்டியன் கிரே என்ற 27 வயதுக் கோடீஸ்வரனைப் பேட்டி எடுக்கப் போகிறாள். வாசலிலேயே தடுக்கி விழுகிறாள். அவன் தூக்கி நிறுத்துகிறான். (ரமணிசந்திரன் வாசகிகள் இந்த இடத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம், நம் வீட்டுக் கதைதான்.) பிறகு அவள் வேலை செய்யும் ஹார்டுவேர் கடைக்கு வந்து கயிறும் ஒட்டும் நாடாவும் வாங்குகிறான். தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ முதல் பதிப்பை மூன்று தொகுதிகளாக அனுப்பி வைக்கிறான். ஹெலிகாப்டரில் கூட்டிப் போகிறான். அதற்கப்புறம் ஒரு ஒப்பந்தத்தை நீட்டுகிறான். படுக்கையில் அவன் ஆள்பவன், அவள் அடங்குபவள். என்ன செய்யலாம், எது கூடாது, எந்த வார்த்தை சொன்னால் உடனே நிறுத்த வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்பது வரை எல்லாம் எழுத்தில்.

நேராகச் சொல்கிறேன். முதல் நூறு பக்கம் விறுவிறுவென்று ஓடியது. எப்போது தொடுவான், தொட்டால் என்ன ஆகும் என்ற காத்திருப்பை ஜேம்ஸ் நன்றாகவே நீட்டுகிறார். அதற்கும் ஒரு கை வேண்டும், அதை நான் மதிக்கிறேன். அந்தரங்கக் காட்சிகள் வரத் தொடங்கியதும் வேறு விதமாக ஆகிவிட்டது. முதல் இரண்டு காட்சிகளில் ஒரு பெண் தன் உடம்பைத் தானே கண்டுபிடிக்கும் வியப்பு இருக்கிறது. பிறகு அதே மூச்சு, அதே உதடு கடிப்பு, அதே பாராட்டு. மனதுக்குள் ஒரு தேவதை குதிக்கிறாள், ஆடுகிறாள், மறுபடி குதிக்கிறாள். இருநூறாவது பக்கத்துக்கு மேல் அந்த இடங்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். கிளுகிளுப்பு நாவலில் கிளுகிளுப்பான பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிக்கும்படி ஆவது, அந்த நாவல் எழுதப்பட்ட விதத்தில் உள்ள குறை.

நான் தாண்டாமல் படித்த பகுதிகள் வேறு. அந்த இருவரும் எழுதிக்கொள்ளும் மின்னஞ்சல்கள். நேரில் அவனுக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் அனஸ்தேசியா, மின்னஞ்சலில் கிண்டல் செய்கிறாள், எதிர்க்கேள்வி கேட்கிறாள், சொன்ன நிபந்தனைகளைக் குறைக்கச் சொல்கிறாள். வாரத்தில் நான்கு நாள் உடற்பயிற்சி என்றால் மூன்று போதும் என்கிறாள். இது வேண்டாம், இது சுத்தமாக வேண்டாம் என்று ஒவ்வொரு வரியாக அடிக்கிறாள். அங்கேதான் இரண்டு பேருக்கு நடுவே உண்மையான சூடு பறக்கிறது. ஒரு பெண் உட்கார்ந்து, தன் உடம்புக்கு எது சரி எது சரியில்லை என்று எழுத்தில் பேரம் பேசுகிற காட்சியை நான் இதுவரை எந்தக் காதல் கதையிலும் படித்ததில்லை. கோடிப் பெண்கள் தேடியது இதுவாக இருக்கலாம். ‘உனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம்?’ என்று ஒரு ஆண் கேட்பதை.

எங்கள் தெருவில் ஒரு தையல்கார அக்கா இருக்கிறார். தமிழ்க் குடும்பம், தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருப்பவர்கள். பிளவுஸ் வாங்கப் போனபோது அவரிடம் கதையைச் சொன்னேன். பெரிய படுக்கையறை, கயிறும் சாட்டையும் வைத்திருக்கும் சிவப்பு அறை எல்லாவற்றையும் அக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டாளா?”

“இல்லைக்கா. முதல் புத்தகம் முடியற வரைக்கும் போடல.”

“கெட்டிக்காரி” என்று சொல்லிவிட்டு மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

கெட்டிக்காரிதான். ஆனால் கையெழுத்து இல்லாமலேயே எல்லாம் நடக்கிறது, அதுதான் எனக்கு ஆறவில்லை. அவள் குடித்துவிட்டு ஒரு பாரிலிருந்து போன் செய்தால், போன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து வந்து நிற்கிறான். அவள் பழைய காரை அவள் முழுமனதாகச் சம்மதிக்காமலேயே விற்றுவிட்டுப் புதுக் காரை நிறுத்துகிறான். அம்மாவைப் பார்க்க ஜார்ஜியா போனால் அங்கேயும் பின்னால் வந்துவிடுகிறான். கயிறும் சாட்டையும் ஒப்பந்தத்தின் எல்லைக்குள் இருக்கின்றன. வேவு பார்ப்பதும் சொந்தம் கொண்டாடுவதும் எந்த எல்லைக்குள்ளும் இல்லை, அவற்றையெல்லாம் நாவல் ‘அக்கறை’ என்ற கணக்கில் எழுதிவிடுகிறது. இந்த மாதிரி உறவுமுறைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்பவர்களே இந்த நாவலை எதிர்த்தார்கள். சம்மதம் என்றால் இது இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. இன்னொன்றும் உறுத்துகிறது. அவன் இப்படி ஆசைப்படுவதற்குக் காரணம் சிறுவயதுக் கொடுமை என்று கதை விளக்குகிறது. அப்படியானால் அந்த ஆசை ஒரு நோய், அவள் அன்பு அதற்கு மருந்து. சிடுமூஞ்சிக் கதாநாயகனை நாயகியின் பொறுமை திருத்தும் அதே பழைய கதை. கதவைத் திறந்து உள்ளே போனால், உட்கார்ந்திருப்பவர் ரமணிசந்திரன் கதாநாயகன்தான்.

கடைசி அத்தியாயம் எனக்குப் பிடித்தது. நீ எந்த அளவுக்குப் போவாய், காட்டு என்று அவளே கேட்கிறாள். அவன் பெல்ட்டால் ஆறு முறை அடிக்கிறான். அவள் எழுந்து, அழுதுகொண்டே, அவன் கொடுத்த பொருள்களை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அங்கேயே முடித்திருந்தால் இதை நான் நல்ல நாவல் என்று சொல்லியிருப்பேன். இன்னும் இரண்டு பாகம் இருக்கிறது, அவள் திரும்பிப் போகிறாள்.

ஒப்பந்தத்தோடு வரும் காதல் கதை இந்த ஊருக்குப் புதிதல்ல என்று எங்கள் மாடி வீட்டுச் சேச்சிதான் நினைவுபடுத்தினார். ஓய்வு பெற்ற மலையாள ஆசிரியை. “மோளே, பஷீரின்டெ ‘பிரேமலேகனம்’ வாயிச்சிட்டில்லே?” என்றார். வைக்கம் முகம்மது பஷீரின் முதல் புத்தகங்களில் ஒன்று அது. திருவனந்தபுரம் சிறையில் எழுதியது, 1943ல் வெளிவந்தது. கேசவன் நாயர் வங்கியில் வேலை பார்ப்பவன், சாறாம்மாவின் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். அவள் படித்த பெண், வேலை இல்லை, ஒரு வேலை பார்த்துத் தரச் சொல்கிறாள். அவன் ஒரு வேலை தருகிறான். என்னைக் காதலிக்க வேண்டும், அதுதான் வேலை, சம்பளம் மாதம் 20 ரூபாய். அவள் ஒத்துக்கொள்கிறாள்! சம்பளத்தையும் வாங்கிக்கொள்கிறாள். அவன் நாயர், அவள் கிறிஸ்தவப் பெண். பிறக்கப்போகும் குழந்தைக்கு எந்த மதத்துப் பெயர் வைப்பது என்று பேசிப் பேசிக் கடைசியில் ‘ஆகாச மிட்டாய்’ என்று முடிவு செய்கிறார்கள்.

அந்தக் குட்டிப் புத்தகத்தில் முத்தம்கூட ஒழுங்காகக் கிடையாது. திருவிதாங்கூர் அரசு அதைத் தடை செய்து பிரதிகளைப் பறிமுதல் செய்தது. ஐந்நூறு பக்கத்தையும் அந்தச் சின்னப் புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. சாறாம்மா ஒவ்வொரு வரியிலும் கேசவன் நாயரைவிட ஒரு படி மேலே நிற்கிறாள். அவன்தான் தவிக்கிறான், அவன்தான் கெஞ்சுகிறான், அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவனைத் தலைகீழாக நிற்க வைக்கிறாள், நிஜமாகவே. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தெளிவு பக்கத்தில் இருக்கும்வரை, தொடாமல் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு நடுவேயும் காற்று சூடாகிறது. பின்னாளில் எர்ணாகுளத்தில் புத்தகக் கடை போட்டு உட்கார்ந்திருந்தவர் பஷீர். அந்தக் காலத்தில் அவர் கடைக்குப் போயிருந்தால் ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’ போன்ற ஒன்றைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

மட்டாஞ்சேரிக்காரி என்ற உரிமையில் அரண்மனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேலஸ் ரோட்டில் இருக்கும் டச்சு அரண்மனையைத்தான். கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்கள், 1555 வாக்கில் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். டச்சுக்காரர்கள் பிறகு பழுதுபார்த்ததால் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. மேலே ராஜாவின் பள்ளியறைச் சுவர்கள் முழுக்க ராமாயணம். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குறுகலான படியில் கீழே இறங்கினால் அரண்மனைப் பெண்கள் இருந்த அறைகள். அங்கே சுவரில் கிருஷ்ணன் கோபியர் நடுவே இருக்கிறான், இருக்கிற எல்லாக் கைகளும் வேலையாக இருக்கின்றன, கால்களும்கூட. இன்னொரு சுவரில் சிவன் மோகினியைத் தழுவுகிறார், பார்வதி பக்கத்திலேயே இருக்கிறாள். செம்மண் சிவப்பு, மஞ்சள், பச்சை. கேரளச் சுவரோவியங்களில் வரும் அகன்ற கண்கள், கனத்த நகைகள், வளையும் உடம்புகள்.

நாவலை முடித்த கையோடு அந்த அறைக்கு மறுபடி போய் நின்றேன். சுற்றுலா வந்த குடும்பங்கள் வேகமாகக் கடந்து போகின்றன, அப்பாக்கள் பிள்ளைகளை “வா வா” என்று இழுக்கிறார்கள். நான் கோபியரின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி முகத்திலும் பயம் இல்லை. தன்னை யாரோ ஏதோ செய்கிறார்கள் என்ற பாவனையும் இல்லை. அவர்களும் சேர்ந்துதான் செய்கிறார்கள். காலையில் கண் விழித்ததும் அந்த வீட்டுப் பெண்கள் பார்த்த சுவர் இது. மகள் பார்த்திருப்பாள், மருமகள் பார்த்திருப்பாள், பாட்டி பார்த்திருப்பாள். ஆண்டாள் தன் உடம்பின் ஏக்கத்தைத் தமிழில் பாடி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது, மார்கழியில் அவளைக் கோயிலில் வைத்துப் பாடுகிறோம். டை படம் போட்ட அட்டைக்குள் ஒளித்துப் படிக்கும் கூச்சம் நமக்கு எப்போது வந்தது?

அந்தக் கூச்சத்துக்கு இந்த ஊரில் விலை கொடுத்தவர் மாதவிக்குட்டி என்ற கமலா தாஸ். ‘என்றெ கதா’ 1972ல் ‘மலையாளநாடு’ வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது, அடுத்த வருஷம் புத்தகமானது. தொடர் வரும்போதே அப்பா வி. எம். நாயர் நிறுத்தப் பார்த்தார். ஒரு நல்ல குடும்பத்துப் பெண் தன் திருமணத்தின் வெறுமையையும் தன் ஆசைகளையும் தன் பெயர் போட்டு எழுதினால் என்ன நடக்கும் என்பதைக் கேரளம் அப்போது பார்த்தது. சேச்சி அதைப் பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தாராம். “ஞங்ஙள் எல்லாவரும் வாயிச்சு, எல்லாவரும் குற்றம் பறஞ்ஞு” என்றார். படித்தவர்களே ஏசினார்கள். அதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு கற்பனை என்று இன்றும் சண்டை போடுகிறார்கள், அவரே மாற்றி மாற்றிப் பேசியிருக்கிறார். எனக்கு அந்தச் சண்டை முக்கியமில்லை. கடைசிக் காலத்தில் பல வருஷம் கொச்சியில் இருந்தார், 2007ல் புனே போனார், 2009ல் அங்கேயே இறந்தார். ‘என்றெ கதா’வில் படுக்கை வரும் இடங்களைவிட, படுக்கையில் தனியாகப் படுத்திருக்கும் பெண் வரும் இடங்கள்தான் என்னைச் சுட்டன. கணவன் பக்கத்தில் இருக்கும்போதே வரும் தனிமையை அவ்வளவு பச்சையாக எழுத ஒரு துணிச்சல் வேண்டும். கிறிஸ்டியன் கிரேயின் சிவப்பு அறையில் இருக்கிற எந்தப் பொருளுக்கும் அந்த வலு இல்லை.

அப்படியானால் இத்தனை ஆரவாரத்துக்கும் இந்த நாவல் தகுதியானதா? எழுத்துக்கு இல்லை. மொழி தட்டை, காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன, நாயகன் ஆபத்தான ஆள், அவனை ஆபத்தானவன் என்று சொல்ல நாவலுக்கு மனம் இல்லை. ஆனாலும் இதைக் குப்பை என்று ஒதுக்குகிறவர்கள் பக்கமும் நான் சேர மாட்டேன். பெண்கள் படிப்பது என்றாலே கேலி செய்யும் பழக்கம் நம் இலக்கிய உலகத்தில் நெடுநாளாக இருக்கிறது. முட்டத்து வர்க்கியின் ‘பாடாத்த பைங்கிளி’ 1955ல் வந்தது, அதன் பெயரிலிருந்து எடுத்த ‘பைங்கிளி’ என்ற வார்த்தையால்தான் விமர்சகர்கள் இன்றுவரை அந்த வகை எழுத்து மொத்தத்தையும் அடிக்கிறார்கள். துப்பறியும் கதை படிக்கும் ஆண்களை யாரும் இப்படிக் கேலி செய்ததில்லை. பேருந்தில், சமையலறையில், படுக்கப் போகும் முன் கிடைக்கும் அரை மணி நேரத்தில் ஒரு பெண் தன்னை யாராவது கொண்டாட வேண்டும் என்று ஆசைப்பட்டுப் படிக்கிறாள். அந்த ஆசையில் கேவலம் எதுவும் இல்லை. அந்த ஆசைக்கு இதைவிட நல்ல புத்தகம் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

கல்லூரி போகும் பெண்களிடம் ஒன்று சொல்வேன். படிக்க விரும்பினால் படியுங்கள், ஒளிக்காமல் படியுங்கள். படிக்கும்போது பென்சில் கையில் இருக்கட்டும், அவன் அவளைக் கேட்காமல் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். என் பிரதியில் கோடு போடாத பக்கங்கள் குறைவு. அந்தப் பிரதியைத்தான் தையல்கார அக்காவின் மகள் இப்போது வாங்கிப் போயிருக்கிறாள், கூடவே ‘பிரேமலேகன’மும். அடுத்து அவள் எனக்குக் கொடுக்கப்போவது கொலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’. அவள் வகுப்பில் பலரும் அதைத்தான் கையில் வைத்திருக்கிறார்களாம். அடிக்கும் கணவனைவிட்டு ஒருத்தி வெளியே வரும் கதை என்று சொன்னாள். வந்தவள் திரும்பிப் போகிறாளா என்று கேட்டேன். “படிச்சுப் பாருங்க ஆன்ட்டி, சொல்ல மாட்டேன்” என்றாள்.